எருமை கறந்த தண்ணீர்

பாலாறு என்பது மணலுக்கு இன்னொரு பெயர் என்று பிள்ளைகள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், வேலூர் வெயிலை ஒட்டிக் கிடந்த சுண்ணாம்புத்தாங்கல் என்கிற ஊரில், பொன்னுரங்கம் என்று ஒரு டிரைவர் இருந்தான். அவன் தண்ணீரை ஒளிந்து குடிப்பான்.

ஊரில் மற்ற ஆம்பளைகளும் ஒளிந்து குடித்தார்கள்தான், ஆனால் அவர்கள் குடித்தது வேறு, அதற்கென்று சந்து இருந்தது, இடிந்த சுவர் இருந்தது, வாசனையை மறைக்கப் பாக்கு இருந்தது. பொன்னுரங்கத்துக்கோ தன் காரின் டிக்கியில், ஸ்டெப்னி டயருக்கு அடியில், பழந்துணி சுற்றிய ஒரு பாட்டில் இருந்தது. ஜாக்கியைத் தேடுகிறவன் போல டிக்கிக்குள் தலையை விட்டு, தொண்டைச் சத்தம் கேட்காமல் நாலு மடக்கு விழுங்கி, மீசையைத் துடைத்து, உதட்டைத் துண்டால் ஒற்றிக் காயவைத்துக்கொண்டுதான் முன்னால் வந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பான். ஏனென்றால் பின் சீட்டில் அவன் பெண்டாட்டி இந்திராணி உட்கார்ந்திருப்பாள், அவள் தண்ணீர் குடிக்கக் கூடாதவள்.

மழை வராத ஒரு மழைக்காலத்தில் அவளுடைய இரண்டு கிட்னியும் ஒன்றன்பின் ஒன்றாக வேலையை விட்டுவிட்டன. அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தை வெளியே எடுத்துச் சலித்து அலசித் திரும்ப உள்ளே விடுகிற மெஷினோடு அவளைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. குடித்த தண்ணீருக்கு வெளியே போக வழி கிடையாது; அது காலில் தங்கி வீங்கும், நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும். அதனால் நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு சின்ன டம்ளரைக் காட்டி அளவு சொல்லியிருந்தார்கள். மெஷினில் படுக்கும் முன்னால் சிஸ்டர் எஸ்தர் அவளை எடை பார்ப்பாள். எடை கூடியிருந்தால், "என்னம்மா இது, தண்ணிய மொண்டு மொண்டு குடிச்சீங்களா?" என்பாள். எடை மெஷின்மேல் இந்திராணி பிடிபட்ட திருடி மாதிரி நிற்பாள், அவளுக்குப் பின்னால் பொன்னுரங்கம் திருட்டுக்குத் துணை போனவன் மாதிரி நிற்பான்.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. ஒரு சொம்பு நிறையத் தண்ணீரை அண்ணாந்து, தொண்டைக்குழி ஏறி இறங்க, நடுவில் நிறுத்தாமல், அளவு பார்க்காமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்க வேண்டும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மத்தியானத் தூக்கத்தில் அவள் தொண்டை தானாகக் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் பொன்னுரங்கம் தெரிந்துகொண்டான்.

கார் ஒரு பழைய டீசல் வண்டி. சாம்பல் நிறம். நடுரோட்டில் நின்றுவிட்டால் ஹாரனுக்கும் அசையாது, தள்ளினாலும் அசையாது, அதற்கே தோன்றும்போது தானாகக் கிளம்பும் என்பதால் தெருவே அதை எருமை என்றுதான் சொல்லும். அதில் ஏசி என்று ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினால் வண்டி ஒரு பெருமூச்சு விடும், முன்னால் எங்கேயோ ஏதோ உருளும், அப்புறம் யாரோ வெந்நீரைக் குடித்துவிட்டு முகத்தில் ஊதுகிற மாதிரி ஒரு காற்று வரும். கத்திரி வெயிலில் டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் இந்திராணியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏறினால் தாகம் ஏறும், தாகம் ஏறினால் டம்ளர் பத்தாது, டம்ளர் பத்தாவிட்டால் எடை மெஷின் காட்டிக்கொடுக்கும். வண்டிக்குள் கொஞ்சம் குளிர்ந்தால் போதும், அவள் நாக்கு கொஞ்சம் ஈரமாக இருக்கும். பொன்னுரங்கம் சாமியிடம்கூட அதற்குமேல் கேட்டதில்லை.

அவனுக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் செய்து பார்த்தான். வண்டியைப் புங்கமரத்து நிழலிலேயே நிறுத்தினான், நிழல் நகர நகர வண்டியை நகர்த்தினான். ஏறுவதற்கு முன்னால் நாலு கதவையும் திறந்துபோட்டு, ஒரு கதவை மட்டும் விசிறி மாதிரி ஆட்டி ஆட்டி உள்ளே இருந்த சூட்டை வெளியே துரத்தினான். பின் கண்ணாடிக்கு அவளுடைய பழைய புடவையைத் திரையாகக் கட்டினான். கதவு இடுக்கில் வெளிக்காற்று எறும்பு அளவுகூட நுழையக் கூடாது என்று நாலு கதவுக்கும் புது ரப்பர் வாங்கி, பசை தடவி, கட்டை விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினான். கதவை மூடினால் டப்பா மூடி மாதிரி 'பொக்' என்று ஒட்டிக்கொண்டது. காற்று மட்டும் வெந்நீராகவே வந்தது.

கடைசியில் கவுஸ் பாயிடம் போனான். ஏசி வேலையில் கவுஸ் பாய் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. அவர் கை வைத்த வண்டிகளில் பாதி குளிரும், பாதி ஏசி பட்டனை அமுக்கினால் பாட்டுப் பாடும். ஆனால் அவர் கடையில் எப்போதும் டீ இருக்கும், நிழல் இருக்கும். அவர் எருமையின் முன்பக்கத்தைக் கழற்றி, கண்டென்சர் என்கிற அந்தக் கம்பிச் சல்லடையைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். பட்டாம்பூச்சி றெக்கை, கோழி இறகு, இலவம்பஞ்சு, புளியம்பூ, யாரோ கிழித்தெறிந்த கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் இருந்த பாதி.

"ரங்கம், இது ஏசி இல்ல, மியூசியம்," என்றார். பிளோயரைத் திறந்தார். அதற்குள் தேர்தல் போஸ்டரைக் கடித்துத் துப்பி எலி ஒன்று மாடி வீடு கட்டியிருந்தது. "ஒரு குடம் தண்ணியாவது வேணும். அழுக்கு போனாத்தான் மூச்சு விடும்."

சுண்ணாம்புத்தாங்கலில் அந்த மாசம் ஒரு குடம் தண்ணீரைக் காருக்கு ஊற்றுவது என்பது, ஒரு படி அரிசியை ரோட்டில் கொட்டுவது மாதிரி. தண்ணி லாரி எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. லாரி வரிசையைக் கட்டி ஆளுகிறவள் எதிர்வீட்டுத் தெய்வானை. அவள் குரலைக் கேட்டால் குடங்கள் தாமாக நேராக நிற்கும் என்பார்கள். பொன்னுரங்கம் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து அவள் வாசலில் நின்றபடி, "கட்டின பொண்டாட்டி ஒரு வாய் தண்ணிக்கு ஏங்கிக்கினு கீறா, இவரு காருக்குத் தல முழுக்கு ஊத்தறாரு," என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே நாக்கு சுட்டிருக்க வேண்டும். உள்ளே போய், தன் வீட்டுத் தண்ணீரில் அரைக் குடம் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

கழுவியாயிற்று, எலி வீட்டை இடித்தாயிற்று, கேஸ் ஏற்றியாயிற்று, பெல்ட்டை இழுத்துக் கட்டியாயிற்று. குளிர்ந்தால் ஏசிக்கு வியர்க்கும். அந்த வியர்வை வண்டிக்கு அடியில் சொட்டி வெளியே போக ஒரு ரப்பர் குழாய் உண்டு. எருமையில் அது வெடித்திருந்தது. கவுஸ் பாய் பட்டறையில் கிடந்த எதையோ எடுத்து வெட்டிச் செருகினார். எதைச் செருகினார் என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். "டீ குடிச்சிக்கினே செஞ்சேன், ஞாபகம் இல்ல," என்றார். ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டவர்களுக்கும் கடைசி வரைக்கும் அவர் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்: "வண்டிக்குப் புடிச்சிருந்தது."

அடுத்த ஆஸ்பத்திரி நாளில், ரயில்வே கேட் தாண்டும்போது, பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"குளிருதுய்யா."

பொன்னுரங்கம் கண்ணாடியில் பார்த்தான். இந்திராணி முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் போர்த்தியிருந்தாள். அவள் போர்த்திக்கொண்டு எத்தனையோ நாள் ஆயிற்று. அவனுக்கு ரோடு கொஞ்ச நேரம் கலங்கித் தெரிந்தது. வைப்பரைப் போட்டான், அதனால் பிரயோஜனம் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

திரும்பி வரும்போது அவள் தூங்கிவிட்டாள். வீட்டு வாசலுக்கு வந்தும் எழுந்திருக்கவில்லை. எழுப்ப மனசில்லாமல் இன்ஜினை நிறுத்தாமல் அவனும் ஸ்டியரிங்கில் தலை சாய்த்தான். வண்டிக்கு அடியில் சொட்டு விழுந்தது. சொட்டு நூலாயிற்று, நூல் கயிறாயிற்று, கயிறு விரல் தடிமனுக்கு ஒழுகி, மண்ணை நனைத்து, சரிவு பார்த்து, தெருவைக் குறுக்கே கடந்து, தெய்வானை வீட்டுக் கோலத்தைப் போய்த் தொட்டது.

தெய்வானை வெளியே வந்து பார்த்தாள். அது எங்கிருந்து வருகிறது என்று கண்ணாலேயே பின்தொடர்ந்து போய்க் காருக்கு அடியில் குனிந்தாள். நிமிர்ந்து, "யாரு வூட்டுத் தண்ணியா இருந்தா இன்னா, இப்பிடியா வீணாவுறது," என்று அதட்டிவிட்டு, உள்ளே போய் ஒரு பச்சைக் குடத்தைக் கொண்டுவந்து காருக்கு அடியில் வைத்தாள். அவ்வளவுதான் அவள் அதிசயப்பட்டது. அந்தக் குடம் நிறைவதற்குள் பின்னால் ஒரு மஞ்சள் குடம், அதன் பின்னால் ஒரு நீலக் குடம், குடம் இல்லாதவர்கள் வைத்துவிட்டுப் போன ஒரு செங்கல், ஒரு உடைந்த வாளி, ஒரு ஒற்றைச் செருப்பு என்று வரிசை தெருமுனை திரும்பிவிட்டது.

பத்து நாளில் அது ஊர் வழக்கமாயிற்று. காலையில் பல் விளக்கிக்கொண்டே ஆட்கள் கேட்டது, "எருமை கறக்க ஆரம்பிச்சிடுச்சா?" என்றுதான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முறை வைத்து கூல்டிரிங்ஸ் பாட்டிலில் டீசல் வந்தது; அதை ஊற்றும்போது, மாட்டுக்குத் தீவனம் வைக்கிறவர்கள் மாதிரி பானெட்டைத் தட்டிக்கொடுத்தார்கள். தண்ணீர் குடிக்க ஐஸ் மாதிரி இருந்தது, பருப்பு சீக்கிரம் வெந்தது, வெள்ளை வேட்டி வெள்ளையாகவே காய்ந்தது. டீக்கடைக்காரர், ஓலைக் கொட்டகைக்கு வெளியே 'ஏசி டீ' என்று போர்டு மாட்டினார். ஏசி எங்கே என்று கேட்டவர்களுக்கு டம்ளரைக் காட்டினார். அய்யர் அம்மனுக்கு அபிஷேகம் செய்தார், அம்மனுக்குச் சளி பிடிக்காது என்று அவரே சொல்லிக்கொண்டார். பம்பரில் யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள், பொன்னுரங்கம் துடைத்தான், மறுநாள் வைத்தார்கள், மறுநாள் துடைத்தான், மூன்றாம் நாள் அலுத்துப்போய் விட்டுவிட்டான்.

இந்திராணி உட்கார்ந்தால்தான் தண்ணீர் வரும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒருநாள் உடம்புக்கு முடியவில்லை என்று அவள் வீட்டில் படுத்திருந்தபோது, ஓடுகிற வண்டியின் பின் சீட்டில் மாற்றி மாற்றி ஆட்களை உட்காரவைத்துப் பார்த்தார்கள். தெய்வானையின் மாமியாரை வைத்தார்கள், நிறைமாசமாக இருந்த தெய்வானையின் மகளை வைத்தார்கள், கவுன்சிலர் துரைவேலு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தானே வந்து ஏறினார். எல்லோருக்கும் சும்மா குளிர்ந்தது. கவுன்சிலர் உட்கார்ந்ததில் வண்டி லேசாகப் புகை விட்டது. காருக்கு அடியில் மட்டும் மண் காய்ந்தே கிடந்தது. இந்திராணி எழுந்து வந்து, முடியைக் கோதி முடிந்துகொண்டு, "நவுருங்க," என்று ஏறி உட்கார்ந்தாள். முதல் குடத்தில் சத்தம் கேட்டது.

அதன்பிறகு ஆஸ்பத்திரி இல்லாத நாட்களில் அவள் காலையில் வண்டியில் போய் உட்கார்ந்துகொள்வாள். யாரும் வற்புறுத்தவில்லை, அவளுக்கும் வீட்டைவிட அங்கே குளிர்ச்சி. கண்ணாடியை ஏற்றிவிட்டு, நகர்ந்து நகர்ந்து வருகிற குடங்களைப் பார்ப்பாள்.

"நெறையறப்போ சத்தம் மாறுது பாத்தியா?" என்று ஒருநாள் புருஷனிடம் சொன்னாள். "அடியில கனமா கீது. கழுத்தாண்ட வரும்போது மெலிசாவுது."

"கண்ணாடி மூடிக்கீது, உனக்கு எப்பிடி மே கேக்குது?"

"கேக்குதே."

பொன்னுரங்கம் டிக்கிப் பக்கம் போய், ஜாக்கியைத் தேடினான்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் எஸ்தர் எடை மெஷினைத் தட்டினாள். இந்திராணியை இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். வேறு வார்டிலிருந்து இன்னொரு மெஷினைக் கொண்டுவரச் சொன்னாள். "போன தடவை மெஷின்லேர்ந்து எழுந்து போறப்ப என்ன எடையோ அதவிட கம்மியா வந்திருக்கீங்க. இங்க எடுக்க வேண்டியது எதுவுமே இல்லையேம்மா. வழியில எங்கயாவது எறக்கி வெச்சிட்டு வர்றீங்களா?" என்று சிரித்தாள்.

திரும்பும்போது பொன்னுரங்கம் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். கொதிக்கிற தார் ரோட்டில் வண்டி வந்த வழி முழுக்க ஒரு ஈரக் கோடு வந்துகொண்டிருந்தது. அவள் வழியில் இறக்கி வைத்துக்கொண்டு வந்தது அதைத்தான் என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று சாயங்காலம், ஒருத்தரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கவுஸ் பாயிடம் சொன்னான். டீ ஆறுவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் காருக்கு அடியில் ஒரு குடமும் இல்லை. முந்தின நாள் பிடித்ததைச் சிலர் செடிக்கு ஊற்றினார்கள். டீக்கடைக்காரர் போர்டைத் திருப்பி வைத்தார். குடித்ததை நினைத்து வாந்தி எடுத்தவர்களும் உண்டு, நினைத்து நினைத்து வராமல் போனவர்களும் உண்டு. லாரி வரவில்லை. அதற்கு மறுநாளும் லாரி வரவில்லை. வெயில் ஏறிய பிறகு தெய்வானை தன் பச்சைக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள்.

"ஆத்தா கிட்ட குடிக்காமயா வளந்தோம்," என்று தெருவைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டு, காரின் கண்ணாடியைத் தட்டி, சின்னக் குரலில் கேட்டாள். "யக்கா. புடிச்சிக்கட்டா?"

இந்திராணி கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். "புடி, தெய்வானை. உள்ள வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்?"

பின்னாலேயே மஞ்சள் குடம் வந்தது, நீலக் குடம் வந்தது, செங்கல் வந்தது.

ஆனால் இந்திராணி வற்றிக்கொண்டிருந்தாள். முதலில் கால் வீக்கம் வடிந்தபோது பொன்னுரங்கம் சந்தோஷப்பட்டான். பிறகு மோதிரம் கழன்றது, வளையல் முழங்கைக்கு ஏறியது, ரவிக்கையைப் பிடித்துத் தைத்து அதையும் பிடித்துத் தைத்தாள். சீட்டில் அவள் உட்கார்ந்த குழி ஆழம் குறைந்துகொண்டே வந்தது. படுத்தால் பாய்க்குத் தெரியவில்லை. தாகம் மட்டும் அப்படியே இருந்தது. தொண்டை தூக்கத்தில் அதே மாதிரிதான் குடித்தது. சரி, வேண்டாம் என்று ஒருநாள் ஏசியைப் போடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். பாதி வழியில் அவள் நாக்கு வெளியே தள்ளி, கண் சொருகியதைப் பார்த்து, ஓரமாக நிறுத்தி, பட்டனை அமுக்கினான். போட்டால் வற்றினாள், நிறுத்தினால் வெந்தாள். இந்த இரண்டுக்கும் நடுவில் பொன்னுரங்கம் வாரத்துக்கு மூன்று நாள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு வயசு ஏறியது முகத்தில் தெரியவில்லை, கியர் மாற்றுகிற விதத்தில் தெரிந்தது.

தெருவுக்கு வேறு கவலை. சுண்ணாம்புத்தாங்கலிலிருந்து டவுன் வரைக்கும், கார் போய் வந்த பாதையில், ரோட்டோரமாகப் புல் முளைத்திருந்தது. நடுவில் இருந்த ஊர்களின் ஆடு மாடெல்லாம் அந்தப் பச்சைக் கோட்டில் வரிசையாக நின்று மேய்ந்தன. "நம்ம ஊர்த் தண்ணி, அடுத்த ஊர் ஆடு திங்குது," என்று கொதித்தார்கள். கவுன்சிலர் துரைவேலு கூட்டம் போட்டார். வண்டியின் குழாயில் ஒரு டேப் வைத்து, ரோட்டில் போகும்போது மூடிவிட்டு, தெருவுக்கு வந்ததும் திறப்பது என்று முடிவாயிற்று.

"மூடினா தண்ணி நின்னுடுமா பாய்?" என்று பொன்னுரங்கம் கேட்டான். தெரு கேட்டது ஒரு காரணத்துக்காக, அவன் கேட்டது வேறு காரணத்துக்காக. குழாயை மூடினால் குளிரும் இருக்கும், அவளும் மிச்சமாவாள் என்று அவன் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டான்.

கவுஸ் பாய் கொஞ்சம் யோசித்தார். "தண்ணின்னா, மூடினா நிக்கணும் இல்ல," என்றார்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து குழாய்க்கு முன்னால் நின்றே வளர்ந்தவர்கள் அவர்கள். ஒரு குழாயை மூடினால் தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்க அந்த ஊரில் யாருக்கும் அவசியம் வந்ததில்லை, ஏனென்றால் அவர்கள் மூடிய குழாய்களில் ஒருபோதும் தண்ணீர் இருந்ததில்லை.

டேப் வைத்த அன்று காலை காருக்கு மாலை போட்டார்கள். இந்திராணி பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள், கண்ணாடிகள் ஏறியிருந்தன, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கவுன்சிலர் குனிந்து, புது பிளாஸ்டிக் டேப்பைத் திருகி மூடினார், ஒழுகியது நின்றது, கை தட்டினார்கள். மூடியதைத் திறந்து தண்ணீர் விடுவதற்கு முன்னால் ரெண்டு வார்த்தை பேசுகிறேன் என்று ஆரம்பித்தார். அவருடைய ரெண்டு வார்த்தை ஊருக்கே தெரியும். பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, பக்கத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டார். அந்த வெயிலில் பொன்னாடைக்குள் புழுங்கியபடி அவன் நின்றிருந்தபோது, தெய்வானைதான் சொன்னாள்.

"அண்ணா, யக்கா கால்ல இன்னாது அது, மினுக்குது?"

அவன் திரும்பிப் பார்த்தான். வெளியே போக வழியில்லாத தண்ணீர் உள்ளே திரும்பியிருந்தது. ஏசி துவாரங்கள் வழியாகச் சத்தமில்லாமல் வழிந்து, மிதியடியை மூடி, முழங்காலை மூடி, சீட்டை மூடி ஏறிக்கொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்புக்கு வந்தது. ஓடிப்போய்க் கதவை இழுத்தான்; எறும்புகூட நுழையக் கூடாது என்று அவன் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிய ரப்பர், கதவை விடவில்லை. இன்னொரு கதவை இழுத்தான். பழைய கைப்பிடி கையோடு வந்தது. "டேப்பத் திறங்க, டேப்பத் திறங்க," என்றான். கவுன்சிலர் குனிந்து திருகினார். புது டேப்பின் பிளாஸ்டிக் காது முறிந்து அவர் விரல்களுக்குள் வந்தது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. முந்தானை அவளைச் சுற்றிப் பூ மாதிரி மிதந்தது. பொன்னுரங்கம் வரிசையில் முதலாவதாகக் கிடந்த செங்கலை எடுத்துக் கையை ஓங்கினான்.

உள்ளே இருந்து இந்திராணி கையை ஆட்டினாள். வேண்டாம் என்பது போல.

தண்ணீர் அவள் மோவாயைத் தொட்டது. அவள் அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பார்ப்பது மாதிரி, பார்க்கக் கூடாதென்று சொல்லி வைத்திருந்ததைப் பார்ப்பது மாதிரி. பிறகு தலையைக் குனிந்து குடிக்க ஆரம்பித்தாள்.

கண்ணாடிகள் மூடியிருந்தும் தெரு முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. மடக், மடக் என்று, அடியில் கனமாக, அவசரமே இல்லாமல். அவள் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. அவள் மூச்சுக்கு நிறுத்தவில்லை, அளவு பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. தண்ணீர் கழுத்துக்கு இறங்கியது, நெஞ்சுக்கு இறங்கியது, சீட் தெரிந்தது. நின்றிருந்தவர்கள் எல்லோருக்கும் அவரவர் தொண்டையும் ஏறி இறங்கியது. ஓங்கிய செங்கலோடு பொன்னுரங்கம் நின்றான், கவுன்சிலர் முறிந்த காதோடு நின்றார், தெய்வானை காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மிதியடியில் மிச்சம் இருந்ததை இரண்டு கையாலும் அள்ளி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, இந்திராணி நிமிர்ந்து ஒரு ஏப்பம் விட்டாள். கதவு தானாகத் திறந்துகொண்டது. அவள் புடவையில் ஈரம் இல்லை.

"உனக்கு ஒண்ணும் ஆவலையே?" என்றான் பொன்னுரங்கம். அவ்வளவு தண்ணீர் உள்ளே போனவள் பிழைக்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரி சுவரில் படம் போட்டே மாட்டியிருந்தார்கள்.

"தூக்கம் வருது," என்றாள்.

அவன் பொன்னாடையோடேயே வண்டியை எடுத்தான். எருமை அதுவரைக்கும் ஓடாத ஓட்டம் ஓடியது. ரயில்வே கேட் திறந்திருந்தது. வழி நெடுக அவன் கண்ணாடியில் அவள் மூச்சையும், அதற்குப் பின்னால் ரோட்டையும் பார்த்துக்கொண்டே போனான்; மூச்சு வந்துகொண்டிருந்தது, ரோடு காய்ந்திருந்தது. இந்திராணி எடை மெஷினில் நின்றாள். பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டான்.

"போன தடவை மெஷின்லேர்ந்து எழுந்தப்ப என்ன எடையோ அதே எடை," என்றாள் சிஸ்டர் எஸ்தர். "ஒரு சொட்டு ஏறல, ஒரு சொட்டு எறங்கல. எவ்ளோ கட்டுப்பாடு பாருங்க. மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுங்கம்மா."

"சரி சிஸ்டர்," என்றாள் இந்திராணி.

அதற்குப் பிறகு எருமையின் ஏசி மற்ற வண்டிகளின் ஏசி மாதிரி ஆயிற்று. போட்டால் சுமாராகக் குளிரும். அடியில் ஒரு காக்காய் குடிக்கிற அளவுக்குச் சொட்டும். தெருவில் இரண்டு நாள் குடங்களை வைத்துப் பார்த்தார்கள், பிறகு எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனார்கள். டீக்கடை போர்டில் 'ஏசி' என்கிற இரண்டு எழுத்தின்மேல் மட்டும் சுண்ணாம்பு அடித்திருந்தது. ரோட்டோரப் புல் காய்ந்தது, ஆடுகள் கொஞ்ச நாள் அந்தக் கோட்டிலேயே வந்து நின்று பார்த்துவிட்டு வேறு பக்கம் போயின. லாரி வரிசையில் தெய்வானை தன் குடத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு செங்கல் வைத்தாள். யாருடையது என்று கேட்டால், "அது யக்காவுது," என்பாள்.

இந்திராணிக்கு கிட்னி திரும்ப வரவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், அதே ரோடு, அதே கேட், அதே மெஷின். ஊசி போட்ட கையில் அதே வலி. டம்ளரும் அதே டம்ளர்தான், அதிலும் பாதிக்குமேல் மிச்சம் வைத்தாள். பொன்னுரங்கம் மத்தியானத்தில் அவள் தொண்டையைக் கவனித்துப் பார்த்தான். அது சும்மா தூங்கிக்கொண்டிருந்தது.

கத்திரி முடிகிற வாரத்தில் ஒருநாள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். வெயில் பானெட்டின்மேல் நடுங்கியது. பொன்னுரங்கம் இறங்கினான்.

"எங்க போற?"

"ஜாக்கி கீதான்னு பாத்துட்டு வரேன்."

"ஜாக்கியோட அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கினு வா," என்றாள் இந்திராணி. "ஸ்டெப்னிக்கு அடியில கீறத. துணி சுத்திக்கீறத."

அவன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினான். பிறகு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து, எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"மீசை ஈரமாவே வருவியே, ஜாக்கியில இன்னா தண்ணியா கீது?" என்றாள். "குடி."

"இங்கியா?"

"வேற எங்க. நான் பாக்கறேன், குடி."

வெந்நீராகக் கொதித்துக் கிடந்த அந்தப் பாட்டிலைத் திறந்து, பொன்னுரங்கம் அண்ணாந்து குடித்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் தொண்டை சத்தம் போட்டது. கேட்டுக்கு அப்பால் ரயில் வந்து, போய்க்கொண்டே இருந்தது. பின் சீட்டிலிருந்து ஒரு கை வந்து அவன் உச்சந்தலையைத் தட்டியது.

"மெதுவாய்யா," என்றாள் இந்திராணி. "புரை ஏறப்போவுது."